இருக்கு அக்கா, எத்தனை வேணும்?

வேலையை விட விரும்பும் எவரும் முதலாளியிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம். ஜெகதீஸ்வரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மார்க்கெட் ஸ்திரீட் ஜவுளிக்கடை முதலாளி திருநாவுக்கரசு அவளுக்குத் தாய்மாமன். தாய்மாமனிடம் யார் ராஜினாமா கொடுப்பது?

ஒன்பது வருடமாகக் கடையின் வாட்ஸ்அப் அவள் கையில்தான். இந்தச் சேலை இருக்கா, பச்சையில் இருக்கா என்று நாளுக்கு இருநூறு பேர் கேட்பார்கள். இப்போது பாயான் பாருவில், வீட்டிலிருந்து நடந்தே போகலாம், ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் இடம் கிடைத்திருந்தது. அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை சேர வேண்டும்.

மாமா தடுக்கவில்லை. தடுக்காமலேயே நிறுத்திவைப்பது அவருடைய தனித்திறமை.

"போம்மா, நல்லா இரு. மெசேஜுக்குப் பதில் சொல்ல மட்டும் ஒரு ஆள வெச்சிட்டுப் போ."

வைத்த மூன்று பேரும் ஒரு வாரம் தாங்கவில்லை. ஆகவே ஆளையே செய்துவிடுவது என்று முடிவெடுத்தாள். யூடியூப் பார்த்துப் பைத்தான் படித்து, நாற்பது வரியில் ஒரு சாட்பாட் எழுதினாள். மெசேஜில் இன்ன சொல் இருந்தால் இன்ன பதில். அவ்வளவுதான் அதன் மூளை. நம்மவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, நடுவே மலாயையும் தூவுவார்கள். 'இருக்கா' என்பதற்குப் பாதிப் பேர் மலாயில் 'அடா' என்றுதான் கேட்பார்கள். எனவே ஏ, டி, ஏ மூன்றும் சேர்ந்து வந்தால் 'இருக்கு அக்கா' என்று சொல்லப் பழக்கினாள்.

சேருவதற்கு முந்தைய வெள்ளிவரை பாட் தங்கம்.

சனிக்கிழமை காலை தெரேசா டீச்சர் எழுதினார். மகள் நிச்சயத்துக்குப் பன்னிரண்டு சேலை சொல்லிவைத்திருந்தவர். "மாமியார் தவறிட்டாங்க. நாளைக்கு அடக்கம். சேலை இப்ப வேணாம்."

அடக்கத்தை ஆங்கில எழுத்தில் அடித்தால் முதல் மூன்று எழுத்து என்ன? பாட் அதை மட்டும்தான் பார்த்தது.

"இருக்கு அக்கா. எத்தனை வேணும்?"

டீச்சர் பதறி, "அடப்பாவி, யாரு இது?" என்று கேட்டார். பாட் இதிலும் தனக்கு வேண்டியதைக் கண்டுகொண்டது.

"இருக்கு அக்கா. எத்தனை வேணும்?"

அடுத்த நிமிடம் கடைக்குப் போன் வந்தது. மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டு மாமா திரும்பினார்.

"அழுறாங்கம்மா. மெஷின் சொல்லுச்சின்னு சொன்னா நல்லாவா இருக்கு?"

"சரி பண்ணிட்டேன் மாமா. தனிச் சொல்லா வந்தாத்தான் பதில் சொல்லும். இனிமே இப்படி வராது."

"இது வராது. வேற வரும்லா."

"அப்ப நிப்பாட்டிடலாம்."

"எதுக்கு? உடனே பதில் வருதுன்னு கஸ்டமருங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. நீ போ, நான் வேணாங்கல. இது மறுபடி உளறினா யாரக் கேக்கறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

அந்த நாற்பது வரியும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தப்பிக்கத் தோண்டிய சுரங்கத்துக்கு அவளையே காவல் போட்டாயிற்று.

ஞாயிறன்று மலர்மாலையோடு அடக்கத்துக்குப் போய் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திங்கள் காலை எட்டரைக்குப் பாயான் பாரு அலுவலகத்திலிருந்து, அங்கே ஆள் எடுக்கும் பெவர்லி கூப்பிட்டாள்.

"எங்கக்கா இருக்கீங்க?"

"கடையில. ஒரு வாரம் டைம் குடு பெவர்லி."

"முடியாதுக்கா. அடுத்த ஆளு வெளிய உக்காந்திருக்காங்க."

போனை வைத்ததும் உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார்.

"ஜெகா, நம்ம பட்டர்வொர்த் கடைக்கும் இது மாதிரி ஒண்ணு செஞ்சிரும்மா. அங்க இருக்கிற பொண்ணு போறேன்னு நிக்குது."

செய்தாள். அந்தப் பெண் மாதக் கடைசியில் போய்விட்டாள்.