படியில் நின்ற லாரிமனுஷன்

“…செட்டியார் ஜோடி உஷாவுக்கு, தசாவதாரம் கோவிலுக்குன்னு சொல்லியாச்சு. ஆனா இது மாத்திரம் ஒனக்குக் கிட்டாது, கேட்டியா. படியில வெச்ச பொம்மையை எடுத்துக் கொடுக்கற வழக்கம் இந்த ஆத்துல இல்லையாக்கும்” என்று பெரியம்மா சொன்னாள். பாதிக் கொலுவை ஊருக்குத் தானம் செய்துவிட்டு அதே மூச்சில் வழக்கம் பேச அவளால்தான் முடியும். போன விஜயதசமிக்கு மறுநாள், கரமனையில் அவள் வீட்டுக் கூடத்தில், பழைய வேட்டித் துண்டுகளின் கற்பூர வாசனைக்கு நடுவே பொம்மைகளைச் சுற்றிக்கொண்டிருந்தோம். வீட்டை விற்றாகிவிட்டது. கழக்கூட்டத்தில் மகனுடைய ஃப்ளாட்டில் மூன்று படிக்குமேல் வைக்க இடமில்லை. அதனால்தான், முப்பது வருஷமாகக் கேட்காததை அன்று நான் கேட்டேன்.

பெரியம்மா என் அப்பாவின் அண்ணன் மனைவி. அவளை எனக்குப் பிடிக்காது. சின்ன வயதில் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் அவள் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட நான் மறந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாங்கள் எல்லோரும் அந்த ஒரே வீட்டில் இருந்தபோது, மஸ்கட்டில் வேலை பார்த்த என் மாமா விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எனக்கு உருமாறும் பொம்மை ஒன்று கொண்டுவருவார். பெண் குழந்தைக்கு எதற்கு இதெல்லாம் என்று பெரியம்மா கேட்பாள். கேட்கட்டும் என்று மாமா கொண்டுவருவார். இப்படி என்னிடம் ஐந்து சேர்ந்திருந்தன. விமானம், கைக்கடிகாரம், டேப் ரெக்கார்டர், ஒரு டைனோசர், எல்லாவற்றுக்கும் ராஜாவாக ஒரு சிவப்பு லாரி. அதன் முன்பக்கத்தைப் பிளந்து, சக்கரங்களை உள்ளே தள்ளி, கடைசியில் தலையை இழுத்துவிட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு ஆறங்குல மனிதன் எழுந்து நிற்பான். தெருப் பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் ‘லாரிமனுஷன்’. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டை மாற்றுவதற்கு முன்னால் அவனை நான் மாற்றியாக வேண்டும்.

கொலு வைக்கிற வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. கீழே தரையில் மணலைக் கொட்டி, கடுகு முளைக்கவைத்து, கண்ணாடியைக் குளமாகப் பதித்துக் கட்டுகிற ‘பார்க்’ பிள்ளைகளுடையது. அதில் வைத்த காரும் பஸ்ஸும் பத்தாம் நாள் பிள்ளைகளிடமே திரும்பிவிடும். படியில் ஏறியது அம்பாளுடையது. அது பெட்டிக்குப் போய் அடுத்த வருஷம்தான் வெளியே வரும். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது படியேற வேண்டும் என்பது இன்னொரு சட்டம்.

அந்த வருஷம் புதுப் பொம்மையாக நாகர்கோவிலிலிருந்து ஒரு கிருஷ்ணன் வந்தான். பெரியப்பா அவனை மடியிலேயே வைத்துக்கொண்டுதான் வந்தார், ஆனாலும் தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கழுத்து தனியாக வந்துவிட்டது. மூளியான பொம்மையை வைக்கக்கூடாது. கிழக்கே கோட்டைக்குப் போய் வேறு வாங்கலாமென்றால் மறுநாள் பந்த். ஒரு கடை திறக்காது. பெரியம்மா காலையிலிருந்து யார்மேல் விழலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். லாரியைப் பேசாமல் கொண்டுபோய்ப் பார்க்கில் கடுகுச் செடிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்க வேண்டியவள், ஒத்தாசைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு மாமிகள் வாய் பிளப்பதைப் பார்க்கிற ஆசையில், கூடத்து நடுவில் நின்று அதை மனிதனாக்கிக் காட்டினேன். மாமிகள் வாய் பிளந்தார்கள். பெரியம்மா பிளக்கவில்லை. அருகில் வந்து குனிந்து பார்த்து, “கை இருக்கு, கால் இருக்கு, மூஞ்சியும் இருக்கு. பின்னே பொம்மைதானே?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் ஐந்தாம் படியில், கல்யாண செட்டுக்குப் பக்கத்தில் நின்றான். குங்குமமும் வைத்தாயிற்று.

அம்மாவிடம் ஓடினேன். அந்த வீட்டின் சின்ன மாட்டுப்பெண்ணான அவள், பெரியவா வெச்சா வெச்சதுதான் என்று சொல்லி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பத்து நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் பெரியம்மா அவனை வேட்டித் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

ஒன்பது வயதில் என்னால் முடிந்த ஒரே பழி, பாடாமல் இருப்பது. கொலுவுக்கு வருகிறவர்கள் முன்னால் வீட்டுப் பெண் பாட வேண்டும். எனக்குக் குரலும் இருந்தது. அடுத்த வருஷத்திலிருந்து நான் வாயே திறக்கவில்லை. மாமிகள் தாடையைப் பிடித்துக் கெஞ்சினார்கள். “விடுங்கோ, அவ தொண்டையில லாரி ஓடறதாக்கும்” என்று பெரியம்மா சுண்டலை மடித்துக் கொடுத்தபடி சொல்வாள், எல்லோரும் சிரிப்பார்கள். நான் தரையில் உட்கார்ந்து ஐந்தாம் படியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஏழு வருஷம் இப்படிப் போயிற்று. அதற்குள் பாட்டு என்னைவிட்டுப் போய்விட்டது. பெரியம்மாவுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

பிறகு நாங்கள் தனிக்குடித்தனமாக வலியசாலைக்குப் போனோம். விமானத்தின் இறக்கை அந்த மாற்றத்தில் தொலைந்தது, கடிகாரத்தின் வார் இற்றுப்போனது, மற்ற இரண்டும் யார் கைக்குப் போயின என்றே தெரியவில்லை. மாமாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கரமனைத் தெருவில் இப்போது கொலு வைக்கிற வீடு இரண்டோ மூன்றோதான். பார்க் கட்டப் பிள்ளைகள் கிடையாது, இருக்கிற பிள்ளைகளும் மலையாளத்தில் ஒரு ‘ஹாய்’ சொல்லி சுண்டலை வாங்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுகிறார்கள்.

“இது பொம்மையே இல்லை, பெரியம்மா. என் லாரி” என்றேன், பொம்மைகளைச் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் கூடத்தில். நான் சொன்னதை நிரூபிக்க அவனைக் கையில் எடுத்தேன். சிவப்பு வெளுத்திருந்தது, நெற்றியில் முப்பது வருஷக் குங்குமம் கறுத்துக் கிடந்தது. தலையை அமுக்கினேன், போகவில்லை. கையை முன்னால் மடக்குவதா பின்னாலா என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை, விரலில் ஒன்றுகூட மிச்சமில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்; உள்ளே ஏதோ முனகியது.

“ஒடிச்சுடாதேடி, தா.”

பெரியம்மா அதைப் பிடுங்கினாள். முட்டி வீங்கிய அந்த விரல்கள், கண் என்மேல் இருக்க, கைகளைப் பின்னால் மடக்கி, முழங்காலைத் திருப்பி, சக்கரங்களை வெளியே எடுத்து, கடைசியில் தலையைக் கட்டைவிரலால் ‘டிக்’ என்று உள்ளே தள்ளின. லாரியைப் புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள். பொம்மைப் பெட்டி திறந்தே இருந்தது. அதன் பக்கம் திரும்பவில்லை. கழக்கூட்டத்துக்கு எடுத்துப்போகத் தயாராக வைத்திருந்த தன் கைப்பையைத் திறந்து, மாத்திரை டப்பாவுக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவே அதை நிறுத்தி, ஜிப்பை இழுத்து மூடினாள்.