தவளை வாங்கப் போன அம்மா

பல்கலைக்கழகத்துக்கு முந்திய எச்.எஸ்.சி. தேர்வில் மற்ற பாடங்களை உட்கார்ந்து மனப்பாடம் செய்துவிடலாம். உயிரியல் செய்முறைத் தேர்வை அப்படிச் சமாளிக்க முடியாது. ஒரு பிராணியை அறுத்து, கேட்ட உறுப்பைச் சேதமில்லாமல் வெளியே காட்டி, அதைப் பார்த்துப் படம் வரைய வேண்டும். பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர நினைத்தவர்களுக்கு அதிலிருந்து தப்ப வழியில்லை. நான் மருத்துவம் சேர நினைத்தேன். எங்கள் வீடோ சுத்த சைவம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி. நான் ஒரே பிள்ளை. பெண்ணை எதற்கு இவ்வளவு படிக்க வைக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "டாக்டருக்குப் போறா" என்று சொல்லி அப்பா பேச்சை முடித்துவிடுவார். தேர்வு எழுதுவதற்கு முன்பே அவர் என்னை டாக்டராக்கிவிட்டார்.

பள்ளியில் அறுப்பதற்குத் தவளை கிடைப்பது அபூர்வம். மேசைக்கு ஒன்று வரும். யாராவது ஒருத்தி கத்தியைப் பிடித்துக்கொள்வாள், மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்போம். எங்கள் மேசையில் கத்தி எப்போதும் என் சீனத் தோழியின் கையில்தான். பக்கத்திலேயே ரங்கூன் ரோட்டில் இருந்தாள். எங்களுக்குள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்.

"இப்படியே போனா பரீட்சையில நீ என் கையைத்தான் கடன் வாங்கணும் லா," என்றாள் ஒருநாள். "தேக்கா மார்க்கெட்லதான் தவளை விக்கிறாங்களே. உன் வீட்டுக்குப் பக்கம்தானே?"

எனக்கு அது தெரியாது. பிறந்ததிலிருந்து அந்த மார்க்கெட்டுக்குப் போகிறேன். ஆனால் காய்கறிப் பக்கத்தைத் தாண்டிப் போனதில்லை. மீன் வாடை வரத் தொடங்கும் இடத்தில் அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்துவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை தோழியோடு போனேன். மீன் கடைகளுக்கு அப்பால் கம்பிக் கூண்டுகளில் தவளைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. இரண்டை வாங்கி அவள் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுபோனோம். பிஸ்கட் தகரம் ஒன்றில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி, தவளையைக் குத்தி வைக்க அவள் தட்டுத் தயார் செய்திருந்தாள். மயக்க மருந்தைச் சின்னப் புட்டியில் ஆசிரியை கொடுத்திருந்தார். முதல் தவளையை நான் நாசம் செய்தேன். கை நடுங்கியதில் தோலும் தசையும் அடியிலிருந்த ரத்தக்குழாயும் சேர்ந்தே கிழிந்தன. தோழியின் அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு அவர்களுடைய ஹொக்கியன் சீனத்தில் சத்தம் போட்டார்.

"என்ன சொல்றாங்க?"

"நல்ல தொடைக்கறியை வீணாக்கிட்டியாம்."

வீட்டில் நான் சொன்னது, தோழியோடு சேர்ந்து படிக்கிறேன் என்று மட்டும்தான். சில வாரங்கள் அப்படியே ஓடின. பிறகு ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தையற்காரரின் மனைவி வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"அக்கா, உங்க மக மார்க்கெட்ல தவளை வாங்கிட்டுப் போனதை எங்க வீட்டுக்காரரு பார்த்தாராம். நீங்க சைவம்னுல்ல நாங்க நெனச்சிட்டிருந்தோம்!"

அம்மா சிரித்து ஏதோ சொல்லி அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தவளையா?"

"அறுத்துப் படிக்கிறதுக்கும்மா. சாப்பிடறதுக்கு இல்ல."

"எங்க வச்சு அறுக்கிற?"

சொன்னேன். அம்மா திரும்பி அடுப்படிக்குப் போனார். அப்பா வந்ததும் அடுப்படியில் இருவரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். "படிப்புக்குத்தானே" என்று அப்பா சொன்னது கேட்டது. "அது எனக்குத் தெரியுது, தெருவுக்குத் தெரியுதா?" என்றார் அம்மா.

அடுத்த சனிக்கிழமை காலை அம்மா குளித்து, நல்ல புடவை கட்டி, கூடையோடு வந்து நின்றார்.

"கிளம்பு. அந்தக் கடையைக் காட்டு."

சண்டை போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். மீன் பக்கத்து ஈரத் தரையில் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கைத் தலைப்பால் மூடி, என் பின்னாலேயே வந்தார். தவளைக் கடைக்கார சீனருக்கு என்னைத் தெரியும். அம்மாவைப் பார்த்ததும் மலாயில் எத்தனை வேண்டுமென்று கேட்டார். இஞ்சி போட்டு வதக்கினால் நன்றாயிருக்கும் என்று சைகையும் காட்டினார்.

அம்மா தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தார். "அனாக் சாயா மாவ் பெலாஜார்!" என் பிள்ளை படிக்கணும் என்பதை அவருக்குத் தெரிந்த மார்க்கெட் மலாயில் அப்படிச் சொன்னார்.

"பெலாஜார் மாசாக்?" என்றார் கடைக்காரர். சமைக்கப் படிக்கிறாளா என்று.

"தாக், தாக்!" இல்லை என்று கையை ஆட்டினார் அம்மா. "டாக்டர்! டாக்டர்!"

அக்கம்பக்கத்துக் கடைகளில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு வேண்டியதும் அதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. திரும்பும் வழியில் கூடைக்குள் தவளைகள் துள்ள, தெரிந்தவர் ஒவ்வொருவரிடமும் தானே நின்று பேசினார். பூக்கடைக்காரரிடம், மளிகைக் கடைக்காரரிடம், கடைசியில் தையற்காரரின் மனைவியிடமும். "மகளுக்குப் பரீட்சை. தவளையை அறுத்துக் காட்டணுமாம். என்ன படிப்போ!" என்று அலுத்துக்கொண்டார். அலுப்பில் பெருமை கலந்திருந்தது.

அதன்பிறகு எங்கள் வீட்டுப் பின்மாடியில், துணி உலர்த்தும் இடத்திலேயே அறுத்தோம். அம்மா சில சட்டங்கள் போட்டார். வெள்ளிக்கிழமையும் கிருத்திகையும் கூடாது. அடுப்படிப் பாத்திரம் எதையும் தொடக்கூடாது. முடிந்ததும் தலைக்குக் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது. தோழிக்கும் அதே சட்டம். அவள் எங்கள் வீட்டில் குளித்து, என் பாவாடை தாவணியைக் கட்டிக்கொண்டு, அம்மா சுட்ட தோசையைச் சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

ஒருநாள் தோழிக்குக் காய்ச்சல். தனியாக அறுத்துக்கொண்டிருந்தேன். அன்று தோல் சுத்தமாக விலகியது. நெஞ்செலும்பை வெட்டித் திறந்தேன். இதயம் துடித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது அம்மா துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு எட்ட நின்று பார்த்தார்.

"அதுக்கு வலிக்குமா?"

"இல்லம்மா, மயக்கத்துல இருக்கு. ஒண்ணும் தெரியாது."

ஓரடி கிட்டே வந்தார். "நமக்கும் இப்படித்தானா?"

"நமக்கு உள்ள நாலு அறை. இதுக்கு மூணு."

துடிப்பு மெல்ல நிற்கும்வரை அம்மா நகரவில்லை. பிறகு போய் அவரும் தலைக்குக் குளித்தார்.

தேர்வன்று ஆய்வகத்துக்குள் போனால் தட்டில் கிடந்தது வெள்ளை எலி. தவளையைத்தான் எதிர்பார்த்திருந்தேன். எலியைப் பள்ளியில் ஒருமுறை, அதுவும் பிறர் அறுக்கப் பார்த்ததோடு சரி. கழுத்துப் பக்கம் போகும் ரத்தக்குழாய்களைக் காட்டி வரையச் சொல்லியிருந்தார்கள். தோலை நன்றாகத்தான் உரித்தேன். வலப்பக்கத்தில் ஒரு குழாய் கத்தரி பட்டுத் திறந்துகொண்டது. எல்லாம் ரத்தத்தில் மூழ்கியது. பஞ்சால் ஒற்றி, தண்ணீர் விட்டு, மறுபடி ஒற்றினேன். கை மட்டும் நடுங்கவில்லை. இடப்பக்கத்தைப் பொறுமையாகப் பிரித்து அதை மட்டும் வரைந்தேன். வலப்பக்கம் சேதமாகிவிட்டது என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முடிவுகள் வந்தபோது உயிரியலில் நல்ல தேர்ச்சி. என்னைக் கவிழ்த்தது வேதியியல். அதில் முழுத் தேர்ச்சிக்கு ஒரு படி கீழான துணைநிலைத் தேர்ச்சிதான் கிடைத்தது; மருத்துவத்துக்கு அது போதாது. தோழிக்கு மருத்துவம் நிச்சயமாகிவிட்டது. அவள் என்னைப் பார்த்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன்.

வீட்டுக்குப் போகாமல் நேராகப் பஸ் ஏறித் தஞ்சோங் பகாருக்குப் போனேன். துறைமுக வாசலில் காவலாளி ஆளனுப்ப, காதில் பென்சிலைச் செருகியபடியே அப்பா வெளியே வந்தார். நான் நீட்டிய தாளை இரண்டு தரம் படித்தார்.

"அப்படின்னா?"

"டாக்டர் கிடைக்காதுப்பா. சயின்ஸ் கிடைக்கும்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சுமை தூக்குகிறவர்கள் கூடும் தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போனார். டீ வந்தது. அவர் குடிக்கவில்லை.

"மறுபடி எழுதலாமா?"

"வேண்டாம்ப்பா. சயின்ஸே படிக்கிறேன்."

"உனக்கு வருத்தமா?"

"கொஞ்சம்."

"எனக்கும் கொஞ்சம்," என்றார். பிறகு கடைக்காரரைப் பார்த்து, "மக யூனிவர்சிட்டிக்குப் போறா. பிசாங் கோரேங் சூடா இருந்தா ரெண்டு கொடுங்க," என்றார். வாழைப்பழப் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, அன்று பாதி நாள் விடுப்புச் சொல்லி என்னோடேயே வீட்டுக்குக் கிளம்பினார். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டார். அந்தப் படிப்பில் என்னென்ன பாடம் இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.