கழுவிக் கெடுத்த கலர்

முதலில் ஒரு மன்னிப்பு. வாராவாரம் இந்த இடத்தில் ரயில் கூட்டம், ரேஷன் வரிசை என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நீங்களும் பெரிய மனதோடு படிக்கிறீர்கள். இந்த வாரம் விஞ்ஞானம் எழுதப்போகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கு இது தேவையா? தேவையில்லைதான். என் விஞ்ஞான வாத்தியார் இன்னும் நலமாக இருக்கிறார்... படித்துவிடுவாரோ என்ற பயம் வேறு.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தயிர் கம்பெனி. அங்கே லேபில், அதாவது பரிசோதனைக் கூடத்தில், எனக்கு வேலை. 'லேபில் வேலை' என்றால் எங்கள் ஆரம்பாக்கத்தில் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறார்கள். லேபில் என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. நானாகவும் சொல்வதில்லை.

கழுவுகிற வேலை.

பன்னிரண்டு வருடமாக ஸ்லைடு கழுவுகிறேன். ஸ்லைடு என்றால் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதற்கு. பார்த்து முடித்ததும் என்னிடம் வரும். அதில் ஒட்டிய சாயம் லேசில் போகாது. நான் போக வைப்பேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கண்ணாடி இருப்பதே தெரியக் கூடாது — அதுதான் என் கணக்கு.

என் மனைவிக்கு இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு வீட்டில் நிம்மதி இல்லை. "யோவ், ஊட்ல குடிச்ச டம்ளர எடுத்து வெச்சது இல்ல. அங்க போயி கண்ணாடிய கழுவிக்கினு கீறியா?"

போன வாரம், ஸ்லைடுக்குச் சாயம் போடும் டெக்னீஷியன் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போய்விட்டார். லேபுக்குப் பொறுப்பு பிரியா மேடம். என் மூத்த மகள் வயதுதான் இருக்கும்.

"அண்ணா, இன்னிக்கு ஒரு நாள் கிராம் ஸ்டெயின் நீங்க போட்டுடறீங்களா? தினம் பாத்துட்டுதானே இருக்கீங்க?"

பன்னிரண்டு வருடத்தில் முதல் பதவி உயர்வு! ஏதாவது அறிவாளித்தனமாகக் கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"எத்தனை கிராம் மேடம்?"

அவர் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது எடை இல்லையாம். அந்த முறையைக் கண்டுபிடித்தவருடைய பெயராம். எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் கிராம் என்றால் தராசுதான்.

மேடம் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். தயிரில் ஒரு துளியை ஸ்லைடில் தடவிக் காயவைத்து, லேசாகச் சூடு காட்ட வேண்டும். அப்புறம் நாலு பாட்டில். முதலில் ஊதாச் சாயம். அடுத்து அயோடின் — அது ஊதாவை இறுக்கிப் பிடிக்கும். மூன்றாவது ஆல்கஹால். கடைசியில் ரோஸ் சாயம்.

சூட்சுமம் மூன்றாவது பாட்டிலில். கிருமிகளில் சிலதுக்குச் சுவர் தடிமன். ஆல்கஹால் பட்டாலும் ஊதாவை விடாது. சிலதுக்குச் சுவர் மெலிசு. ஊதாவை விட்டுவிட்டு, அடுத்து வரும் ரோஸை ஏற்றுக்கொள்ளும். தயிரை உறைய வைக்கிற நல்ல கிருமிகள் ஊதா. கை சரியாகக் கழுவாவிட்டால் உள்ளே வருகிற கெட்ட கிருமிகளில் பலதும் ரோஸ்.

"ஆல்கஹால் மட்டும் பத்து எண்ணிட்டு நிறுத்திடுங்க. உடனே தண்ணி விட்டுடுங்க."

எண்ணினேன். சத்தியமாக எண்ணினேன். பத்து வந்தது. ஆனால் கண்ணாடியில் இன்னும் கறை இருந்ததே! கறையோடு கண்ணாடியைக் கீழே வைக்கிற கையா இது? பதினொன்று, பன்னிரண்டு... முப்பது வரை போனேன். பளிச்சென்று ஆனது. அப்புறம் ரோஸ்.

பிரியா மேடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நிமிரவே இல்லை. "என்ன இது... எல்லாமே ரோஸா இருக்கு?"

பின்னால் மேனேஜர் நின்றிருந்தார். மேடம், "இருங்க சார், ஒரு ஸ்லைடை வச்சுச் சொல்ல முடியாது" என்று என்னை இன்னொன்று போடச் சொன்னார். போட்டேன். முதல் தடவை சொதப்பியிருப்பேனோ என்ற பயத்தில், இந்த முறை இன்னும் சுத்தமாக.

இன்னும் நல்ல ரோஸ்.

"உறை போடற டேங்க்ல இன்னிக்கு யாரு?" என்றார் மேனேஜர்.

செல்வி. புதுவாயலிலிருந்து வருகிறவள். கான்ட்ராக்ட் ஆள்.

"கை கழுவாம டேங்க்ல வேலை பாத்திருக்கா. கேட் பாஸை வாங்கிட்டு அனுப்பிடுங்க. டேங்க்கை மதியம் காலி பண்ணிடலாம்." அவ்வளவுதான். கான்ட்ராக்ட் ஆளிடம் கேட் பாஸை வாங்கினால் திரும்பக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

நான் என் சிங்க்குக்குப் போய்விட்டேன். வெளியே செல்வி ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாண்ணா அநியாயம் இது? நான் கை கழுவலயாம்! முழங்கை வரிக்கும் சோப்பு போட்டேன்ணா. பாரு, தோலே உரிஞ்சிக்கினு போவுது."

நீட்டிய கையின் விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. தலையை ஆட்டினேன்.

"உன்ன மாரிதாண்ணா நானும். நீ கழுவுனா கண்ணாடில இத்தினூண்டு கறை நிக்குமா? போற வரிக்கும் உடவே மாட்டியே!"

குழாயை மூடினேன். கறை போகிற வரைக்கும் நான் விடவே இல்லையே... இரண்டு தடவையும்!

மேனேஜர் அறைக்குள் இதுவரை இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் ஃபேன் துடைக்க. இந்த முறை ஸ்டூல் இல்லாமல் போய் நின்றேன். மேடமும் அங்கே இருந்தார்.

"சார்... கழுவிட்டேன் சார்."

"சரி, போங்க."

நானும் திரும்பிவிட்டேன்! போகச் சொன்னால் போய்விடுகிற சுபாவம். கதவு வரை வந்தவன், ஜன்னலில் நீட்டிய அந்தக் கையை நினைத்துக்கொண்டேன்.

"செல்வி கை கழுவியிருக்கும் சார். நான்தான் ரொம்ப கழுவிட்டேன். கலரை."

மேனேஜருக்குப் புரியவில்லை. மேடம் எழுந்தேவிட்டார். "ஆல்கஹால் எத்தனை எண்ணினீங்க அண்ணா?"

"கறை போற வரைக்கும் மேடம்."

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அளவுக்கு மேல் ஆல்கஹால் பட்டால் தடிமன் சுவரும் ஊதாவை விட்டுவிடுமாம். நல்லதும் ரோஸாகத்தான் தெரியுமாம். "என் தப்பும் இருக்கு சார். நிறம் தெரிஞ்ச கிருமி ரெண்டை, ஒண்ணு ஊதா ஒண்ணு ரோஸ், பக்கத்துல வச்சுப் போட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

அதே தயிரை அப்படியே போட்டார். அவரே, பத்து எண்ணி. பிறகு என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். குட்டிக் குட்டி ஊதா மணிகள், கோத்து வைத்த மாதிரி. நடுவே ஊதாக் குச்சிகள். பன்னிரண்டு வருடம் ஸ்லைடு கழுவியிருக்கிறேன்... அதில் என்ன இருந்தது என்று அன்றுதான் பார்த்தேன்.

மேனேஜர் டேங்க்கைக் காலி பண்ண வேண்டாம் என்றார். கேட் பாஸை எடுத்து மேடத்திடம் கொடுத்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு மேடத்திடமிருந்து அதை வாங்கிக்கொண்ட செல்வி என்னிடம் கேட்டாள்: "இன்னாண்ணா, இனிமே நான் கொஞ்சம் கம்மியா கழுவட்டா?"

ஓர் ஆள் எப்படிப்பட்டவர் என்று பளிச்சென்று சொல்லிவிடுகிறோம். அந்த நிறம் அவருடையதா, நாம் ஊற்றியதா என்று யார் பார்க்கிறோம்? என் விஷயத்தில், ஊற்றியது நான்தான். முப்பது எண்ணி.

மறுநாள் செல்வி ஏழு மணி ஷிஃப்டுக்கு வந்தாள். டெக்னீஷியனும் வந்துவிட்டார். நான் சிங்க்கில் பதினெட்டு ஸ்லைடு கழுவினேன். எதிலும் கறை இல்லை.