ஏழு மாதப் பிள்ளை

என் மூத்த மகன் பிறக்கும்போதே நல்ல கனம். தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. அதைச் சொல்லிப் பெருமைப்பட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஊருக்கு அவன் ஏழு மாதத்தில் பிறந்த குறைமாதப் பிள்ளை. கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது என்பதால் என் மாமியார் கட்டிய கதை அது.

மாதனூர்ப் பக்கத்திலிருந்து ஆவாரம்பட்டைக் கட்டுகளைச் சுமந்து வந்து ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் போடும் பெண்களில் நானும் ஒருத்தி. தோல் பதமாவதற்கு அந்தப் பட்டை வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அங்கே சுண்ணாம்புக் குழியில் வேலை. பாலாறு வறண்டு கிடந்த மாதங்களில் நான் மணலைக் கடந்து வீடு திரும்பும்போது துணைக்கு வருவார். துணை எங்கே போய் முடிந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

என்னைத்தான் கட்டுவேன் என்று அவர் வெகுநாளாகத் தன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பட்டை சுமக்கிறவள் வேண்டாம் என்று அவள் மசியவே இல்லை. எனக்கு நாள் தள்ளிப்போனதும் என் அம்மா போய் அவள் காலில் விழுந்தாள். அடுத்த முகூர்த்தத்தில் தாலி ஏறியது. தான் கேட்டுக் கேட்டு அம்மாவின் மனதைக் கரைத்துவிட்டதாக அவர் நம்பினார். ஆம்பளைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் எங்கே தெரிகிறது?

"அவன்கிட்ட மூச்சு வுடாதே," என்றாள் மாமியார். "இதுக்காகத்தான் கட்டி வெச்சாங்கன்னு தெரிஞ்சா உன்னை ஒரு நாளும் மதிக்க மாட்டான்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, பிள்ளை பிறந்ததும் நாங்கள் செய்தது அதுதான். அவனைப் பஞ்சிலும் பழம்புடவையிலும் சுருட்டி, இருட்டு அறையில் என் பக்கத்தில் கிடத்தினாள் மாமியார். பார்க்க வந்தவர்களுக்கு மூக்கு நுனி மட்டும் தரிசனம். குறைமாதப் பிள்ளைக்கு அழத் தெம்பு இருக்காதாம். அதனால் அவன் வாயைத் திறக்கும் முன்பே நான் பால் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுத்துக் கொடுத்து அவன் இன்னும் கொழுத்தான்.

பக்கத்து வீட்டு அம்மா, வீட்டில் உருது பேசுகிறவள், ஒருநாள் மாமியார் தடுப்பதற்குள் அவனைத் தூக்கிவிட்டாள்.

"இன்னாம்மா இது, குறைமாசம்னீங்க! ஜாஸ்தி கனமா கீறானே?"

"நீர் கோத்துக்கிச்சும்மா. எல்லாம் வீக்கம். பொழைக்கிறது கஷ்டம்," என்று மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. என் பொன்குஞ்சின் சதையை வீக்கம் என்று சொல்லக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். என்னோடு சேர்ந்து அவனை ரசிக்க அந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை.

அவரும் இல்லை. ஷாப்பிலிருந்து வருவார், குளிப்பார், சாப்பிடுவார், வெளியே போய்விடுவார். ஒரு தடவைகூடப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. தன் பிள்ளைதானா என்று சந்தேகமோ? என்மேல் வெறுப்போ? யாரிடம் கேட்பேன். சுவரைப் பார்த்து அழுதேன்.

ஒரு மத்தியானம் மாமியார் தண்ணீருக்குப் போயிருந்த சமயம், அவர் நிலைப்படியில் வந்து நின்றார்.

"எத்தினி நாளு இருக்கும்னு சொன்னாங்க?" என்றார். குரல் உடைந்திருந்தது.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. ஊருக்குச் சொன்ன பொய்யை அவரும் நம்பியிருக்கிறார். சாகப்போகிற பிள்ளையிடம் பாசம் வைக்கப் பயந்து ஒதுங்கியிருக்கிறார்.

"இது குறைமாசம் இல்லீங்க. முழுசா பொறந்த புள்ள. தாலி கட்றதுக்கு முன்னாடியே வயித்துல இருந்துச்சு."

அவர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.

"அப்போ நான் கேட்டதுக்காக அம்மா ஒத்துக்கல."

"இல்ல."

"நீயும் இதுக்காகத்தான் வந்தியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் தாலி ஏறிய நேரத்தில் நான் நினைத்தது அவரையா, வயிற்றையா என்று எனக்கே தடுமாறிவிட்டது. அவர் காத்திருக்கவில்லை. குனிந்து துணியைப் பிரித்தார். காலை உதைத்துக்கொண்டு கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. அப்படியே வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்.

"பாருங்க, எம்புள்ள! குறைமாசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. முழுமாசம்!"

இருந்த சந்தோஷத்தில் தான் எதைச் சொல்கிறோம் என்று அவருக்கு உறைக்கவே இல்லை. தெருப் பெண்களுக்குக் கல்யாண நாளிலிருந்து விரல்விட்டு எண்ண எவ்வளவு நேரம் ஆகும்? முதலில் பக்கத்து வீட்டு அம்மாதான் சிரித்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக வாங்கிக் கொஞ்சினார்கள்.

தீட்டு கழியாத உடம்பு, படி தாண்டக் கூடாது. உள்ளேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மானம் போனது எனக்கு வலிக்கவில்லை. என் பிள்ளைக்கு அப்பன் கிடைத்துவிட்டான், அது போதும் என்றிருந்தது.

அவர் திரும்பி வந்து பிள்ளையைப் பத்திரமாக என் மடியில் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமலே வேலைக்குப் போனார். அதன் பிறகும் அவருக்குப் பிள்ளைகள் பெற்றேன், ஒரு குறையும் வைக்காமல் எங்களைக் காப்பாற்றினார். இதுக்காகத்தான் வந்தியா என்ற அந்தக் கேள்வியை இன்னொரு தரம் கேட்டிருந்தால், உங்களுக்காகத்தான் வந்தேன் என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்கவே இல்லை.