ஸ்பீக்கர் ஓர மேசை

ரான் தெஷிங் முதலில் காலணிகளைக் கழற்றி மேசைக்கடியில் ஜோடியாக வைப்பார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்து, பகடை குலுக்கும் குவளையை அதன்மேல் கவிழ்ப்பார். கழுத்துப் பித்தானை அவிழ்த்துக்கொண்டு, நரம்பு புடைக்க என்னைப் பார்த்துக் கத்துவார்: "தங்கச்சி, பதினொண்ணுக்கு எழுப்பி விட்ரு, கடைசி ரயில் போயிரும்!" அதன்பின் பீரோ உயரத்துக்கு நிற்கும் ஸ்பீக்கரில் இடது காதைச் சாய்த்தாரென்றால், ஒரு பாட்டு முடிவதற்குள் தூங்கிவிடுவார்.

சோங்சிங் நகரத்து ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் கிளப்பில் மேசைகளை நிரப்புவது என் வேலை. ஒன்பது மணிக்கு இடம் வெறிச்சென்று கிடந்தால், பத்து மணிக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கிளப்புக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஒன்பது மணிக்கு வருகிற எவரும் எனக்குத் தெய்வம். வெள்ளிக்கிழமை தவறாத ரான் அண்ணன் குலதெய்வம். ஆறு பீர் வாங்குவார், ஒரு வாய் குடித்ததில்லை. பக்கத்து மேசைக்காரர்களே அதைத் தீர்த்துவிடுவார்கள். அவர் சண்டை போட்டதில்லை, வாந்தி எடுத்ததில்லை, மைக்கைக் கொடு என்று அடம்பிடித்ததில்லை. மேலாளர் மட்டும் மாதத்துக்கு ஒருமுறை, "இது என்ன கிளப்பா, தர்ம சத்திரமா?" என்று என்னிடம் எரிந்து விழுவார்.

ரானுக்கு முப்பத்தொன்பது வயது. லிஃப்ட் பழுது பார்க்கிறார். பிறந்ததிலிருந்து, மாஜாங் என்கிற கட்டைச் சூதாட்டம் நடக்கிற ஒரு கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தவர். கீழே விடிய விடியக் கட்டைகளைக் கலைப்பார்கள். தோற்றவர் கத்துவார், ஜெயித்தவர் அதைவிடக் கத்துவார். அதுதான் இவருக்குத் தாலாட்டு. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு, இருபத்தொன்பதாம் மாடியில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்ட வீடு கொடுத்தார்கள். அன்றோடு போயிற்று தூக்கம்.

"அந்த அமைதி இருக்கே தங்கச்சி, காதுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்பார். மாஜாங் சத்தத்தைப் பதிவு செய்து போட்டுப் பார்த்தாராம். "சரிப்படல. எத்தன தடவ போட்டாலும் அதே ஆளு தோக்குறான். மனசு கேக்கல."

அவர் குறட்டை விடுவார் என்பது வெகுநாள் யாருக்கும் தெரியாது. எங்கள் டிஜேயைக் கரடி என்போம், உருவம் அப்படி. பாட்டு உச்சத்துக்குப் போகுமுன் கரடி ஒரு நொடி எல்லாச் சத்தத்தையும் நிறுத்துவான். ஒருநாள் அந்த நொடியில் ரானின் குறட்டை கூடம் முழுக்க முழங்கியது. கூட்டம் புது இசை என்று நினைத்துக் கைதட்டியது. கரடி அதைப் பதிவு செய்து இன்றுவரை சனிக்கிழமைகளில் ஓட்டுகிறான்.

இப்படிப்பட்டவர் போன மாதம் வந்து, அம்மா பார்த்திருக்கும் பெண்ணை இங்கேயே வரச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதற்குமுன் ஆறு பெண்களைத் தேநீர்க் கடைகளில் சந்தித்தவர். தூக்கமில்லாத சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் நேற்றுதான் ஜாமீனில் வந்தவர் போலிருக்கும். ஆறு பேரும் முதல் கோப்பையோடு எழுந்து போய்விட்டார்கள். இதுவும் நழுவினால் இனிமேல் பார்க்க மாட்டேன் என்று அம்மா கையை விரித்துவிட்டாராம்.

"இங்கதான் தங்கச்சி எனக்கு மூஞ்சில களை இருக்கு."

"களை இருக்கும்ணே. முழிப்பு இருக்குமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "போட்டோல அவங்க சிரிக்கல. ஆனா சிரிப்ப அடக்குற மாதிரி இருந்துச்சு. இவங்க போயிட்டா எனக்குத் தாங்காது. நான் கண்ண மூடுனா ஐஸ் தண்ணிய ஊத்திடு. மூஞ்சில வேணாம், சட்ட புதுசு. கால்ல ஊத்து."

அந்தப் பெண் மோ யாச்சின், பாலர் பள்ளி ஆசிரியை. பள்ளிக்குப் போட்ட உடுப்போடே வந்திருந்தார். சட்டைக் கையில் ஒரு புலி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மூன்று வயதுப் பிள்ளைகள் முப்பத்து நான்கு பேரை மேய்க்கிறவருக்குக் குரல் எங்கே மிஞ்சும்? இருவரும் போனில் எழுதி எழுதி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். பகடை ஆடினார்கள். ரான் தோற்றுத் தோற்றுக் குளிர்ந்த பச்சைத் தேநீரைக் குடித்தார். ஒன்பதே முக்காலுக்கு அவர் இமை இறங்கியது. சொன்ன சொல் தவறாமல் ஒரு குடுவை ஐஸ் தண்ணீரை மேசைக்கடியில் ஊற்றினேன். மனிதர் எகிறிக் குதித்தார். அது நடனம் என்று நினைத்து யாச்சினும் எழுந்து குதித்தார். நான் நெஞ்சில் கைவைத்துக்கொண்டேன்.

கெடுத்தவர் எங்கள் மேலாளர். எங்கள் தொழிலில் எந்த விசேஷமானாலும் வாடிக்கையாளர் பெயரை மின்பலகையில் ஓடவிட்டு, மத்தாப்போடும் பழத்தட்டோடும் ஊர்வலம் விடுவது வழக்கம். மணி பத்தாகியும் ரான் விழித்திருப்பதைக் கண்ட மேலாளருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கிளப்பில் வேலை பார்க்கும் பெண்கள் மத்தாப்போடு வந்து மேசையைச் சூழ்ந்தார்கள். தலைக்குமேல் பலகை மின்னியது: 'ரான் அண்ணன் இன்று தூங்கவில்லை! வாழ்த்துகள்!'

யாச்சின் பலகையைப் படித்தார், ரானைப் பார்த்தார், போனில் தட்டிக் காட்டினார். "இதுக்கு என்ன அர்த்தம்?"

ரான் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். பழத்தட்டை நகர்த்துகிற சாக்கில் நான் எட்டிப் படித்தேன். "வீட்ல சத்தம் இல்ல, தூக்கம் வரல. வாரா வாரம் இங்க வந்துதான் தூங்குவேன். நீங்க வர்றீங்கன்னு முழிச்சிருக்கேன். கால்ல தண்ணி ஊத்தச் சொல்லியிருந்தேன். மன்னிச்சிடுங்க."

மேலாளரை அங்கேயே அறைந்திருப்பேன். யாச்சின் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு போனை வைத்துவிட்டு, இருக்கிற குரலையெல்லாம் திரட்டி அவர் காதில் கத்தினார்:

"சத்தம் இருந்தா எல்லாப் புள்ளைங்களும் நல்லா இருக்குன்னு அர்த்தம். சத்தம் நின்னாத்தான் எனக்கு உசிரே போகும். வீட்ல சின்ன அமைதின்னாலும் எந்திரிச்சு உக்காந்துருவேன்." ஸ்பீக்கரை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தப் பக்கம் சாஞ்சா வசதி?"

ரான் வாயைத் திறந்தபடி தன் இடத்தைக் காட்டினார். யாச்சின் செருப்பை உதறிவிட்டுக் காலை மடக்கிச் சாய்ந்தார். இரண்டாவது பாட்டு தொடங்கும்போது அவர் கையிலிருந்த தர்பூசணித் துண்டு மெல்ல நழுவியது. ரான் அதைத் தரையில் விழாமல் பிடித்து, வைக்க இடம் தெரியாமல் தானே தின்றார்.

மேடையிலிருந்து கரடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தடியன், மனசு மட்டும் பஞ்சு. பாவம் தூங்கட்டுமே என்று சத்தத்தை மெல்லக் குறைத்தான். யாச்சினின் புருவம் சுருங்கியது. கழுத்து நிமிர்ந்தது, இமை அசைந்தது.

ரான் ஈரக் காலுறையோடு சோபாமேல் தாவி ஏறினார். மேடையைப் பார்த்து இரண்டு உள்ளங்கைகளையும் கூரைப் பக்கமாக உயர்த்தினார், மறுபடி உயர்த்தினார், உயர்த்திக்கொண்டே இருந்தார்.