இரவல் முகம்

பெரியக்காவின் இடப்பக்க முகம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கும்போது கோணிக்கொண்டது. கொப்பளித்த தண்ணீர் வாயோரமாக ஒழுகி ரவிக்கையை நனைத்தது. நரம்புக் கோளாறு, உயிருக்குப் பயமில்லை, சரியாக மாதக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். உயிருக்குப் பயமில்லைதான், வினை வேலைக்கல்லவா வந்தது!

மருந்துக் கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிறவள் அவள். பதினோரு வருஷம். அவள் ஒட்டியதில் ஒரு சுருக்கம் காட்டுங்கள், பார்ப்போம்! ஆனால் வாசலில் ஒரு மெஷின் வைத்திருந்தார்கள். முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும், வருகை பதியும். அன்று அது, "முகம் பொருந்தவில்லை. இயல்பாக நில்லுங்கள்" என்றது.

"இதாண்டி இப்ப என் இயல்பு" என்றாள் பெரியக்கா. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் பாதி வாயால் சிரித்து வைத்தாள்.

சூப்பர்வைசர் கெட்டவரில்லை. ஆனால் மெஷினை எதிர்த்துப் பேசும் தைரியம் அவருக்குக் கிடையாது.

"புது மூஞ்சி ஏத்தணும்னா புது ஆளாத்தான் ஏத்தணும்க்கா. புது ஆளுன்னா நாப்பது வயசுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு நாப்பத்தெட்டு. பத்து நாள் பதியலேன்னா அதுவே பேரை எடுத்துடும்."

"கையப் பாருங்க சார். கை அப்படியேதான இருக்கு?"

"கைய அது கேக்கலையேக்கா."

தினமும் போய் நின்றாள், தினமும் திரும்பினாள். எட்டாம் நாள் துணைக்கு வந்த தங்கை, "இதானா அந்தச் சனியன்?" என்று மெஷினுக்குள் எட்டிப் பார்த்தாள். "வணக்கம். வருகை பதிவானது" என்று சொல்லிக் கதவைத் திறந்தது சனியன். தங்கை இரண்டு வயதுதான் இளையவள், இருவருக்கும் அம்மாவின் முகவெட்டு. சூப்பர்வைசர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார்.

அப்புறமென்ன, தங்கை முகத்தைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள், அக்கா உள்ளே நுழைந்து லேபிள் ஒட்டுவாள். மூன்று வாரம் இந்தக் கூத்து ஓடியது. பிறகு கம்பெனிக்காரன் ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு கேமரா வைத்தான். அரை மணிக்கொரு தரம் முகம் கேட்டது.

"உன் எடத்துல நான் எப்பிடிக்கா உக்காருவேன்?" தங்கை அழுதாள்.

"நீ உக்காந்தாத்தான் அது என் எடமா இருக்கும். மூஞ்சி சரியாகட்டும், வந்துடுறேன்." காலி எண்ணெய் பாட்டில்களை வைத்து இரண்டு நாள் ஒட்டக் கற்றுக்கொடுத்தாள்.

அதன்பின் தினமும் காலை எட்டு மணிக்கு, அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போனில் செய்தி வரும்: "நீங்கள் பணிக்கு வந்துவிட்டீர்கள். நன்றி." ஈரக்கையைத் துடைத்துவிட்டு அதைப் படிப்பாள். முதலில் சிரிப்பு வந்தது. போகப் போக எரிச்சல் வந்தது.

ஐந்தாம் மாதம் முகம் நேரானது. தண்ணீர் ஒழுகவில்லை, கண் முழுசாக மூடியது. தலைவாரிப் பொட்டு வைத்து, தங்கையோடு வாசலுக்குப் போனாள். தங்கை அன்றோடு விட்டது தொல்லை என்று சாப்பாட்டுத் தூக்கு எடுக்காமல் வெறுங்கையோடு வந்திருந்தாள்.

"முகம் பொருந்தவில்லை. இயல்பாக நில்லுங்கள்."

நெற்றியைத் துடைத்துவிட்டு மறுபடி நின்றாள். மறுபடியும் அதே பதில்.

சூப்பர்வைசர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தினம் பாக்குற மூஞ்சியத்தான் அது பழகிக்கும்க்கா. அஞ்சு மாசமாச்சே."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. பெரியக்கா நகர்ந்து, தங்கையின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். கதவு திறந்தது. தங்கை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

தெருமுனை திரும்பும்போது பெரியக்காவின் கையிலிருந்த போன் அதிர்ந்தது. நீங்கள் பணிக்கு வந்துவிட்டீர்கள். நன்றி.