சம்ப்பில் விழக்கூடாத ஐஸ்

போன ஞாயிறு எங்கள் குவெம்புநகர் அபார்ட்மென்ட்டில் அவசர மீட்டிங். காரணம்? ஒரு துளி ஐஸ்!

மாடி வீட்டு சுதா, கௌதள்ளி கிராமத்துப் பெண். இங்கே மைசூரில் ஆராய்ச்சி செய்கிறாள். அவளிடம் ஒரு குட்டி ஸ்டீல் டப்பா. உள்ளே இரண்டு வைரம், நடுவே பொட்டுத் தண்ணீர். திருகை முறுக்கினால் வைரங்கள் நசுக்குகிற நசுக்கில் தண்ணீர் ஐஸாகிவிடுமாம் — ஃபிரிட்ஜே வேண்டாம்! 'ஐஸ் ஏழு' என்று பெயர். இருபது வகை வரை இருக்காம். நான் பள்ளிக்கூடம் போகாதவன். ரயில்வே ஸ்டேஷனில் மீன் கூடைக்கு ஐஸ் உடைத்த காலத்தில் எனக்குத் தெரிந்தது இரண்டே வகை... உருகினது, உருகாதது. அதை விடுங்கள்.

டப்பா என்னவென்று லிஃப்ட்டில் விசாரித்துவிட்டார் பிரசிடென்ட் ராகவாச்சாரி. மனிதர் முந்தின நாள்தான் டிவியில் ஏதோ இங்கிலீஷ் படம் பார்த்திருக்கிறார். அதில் இப்படியொரு புது ஐஸ், ஒரே ஒரு துணுக்கு, கடலில் விழ... உலகத்துத் தண்ணீரெல்லாம் கெட்டியாகிவிடுகிறது!

"நம்ம சம்ப்புல விழுந்தா? காபிக்கு ஜலம் இருக்காது! நாளைக்கே ஆத்தைக் காலி பண்ணிடும்மா" என்றார் மீட்டிங்கில்.

சுதாவின் முகம் வெளுத்துவிட்டது. ஒரே நாளில் வேறு வீட்டுக்கு எங்கே போவாள்?

"சார், அது சினிமாங்க. திருகைக் கழட்டினா இது சாதா தண்ணிதான். தேவராணே, சாமி மேல ஆணை!"

"நீ சொல்றே. சம்ப் கேக்குமா?"

நியாயமாகத்தான் பட்டது! 'அந்த ஐஸ் எந்த ரூபத்திலும் பில்டிங்கில் இருக்கக் கூடாது' — தீர்மானம். கைகள் எழுந்தன.

"எந்த ரூபத்துலயுமா சார்?" சுதா கேட்டாள். "பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல விளையற சில வைரத்துக்குள்ளயே இந்த ஐஸ் இருக்குதுங்க. கண்டுபிடிச்சிருக்காங்க."

மொத்த மீட்டிங்கும் திரும்பிப் பார்த்தது — பிரசிடென்ட்டின் மனைவி வேதா மாமியின் காதுகளை. ஏழு கல் வைரத்தோடு. பளீர்!

மாமி எழுந்தாள்.

"இது எங்கம்மா போட்டது. மூணு நாள் ஆத்துல வெச்சிருந்து, ராசிதான்னு தெரிஞ்சப்பறம்தான் வாங்கினா. இது வெளில போகணும்னா நானும் போறேன். சாத்தமுதை நீங்களே கொதிக்க வெச்சுக்கோங்கோ."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியாக இறங்கியது ராகவாச்சாரியின் கை. சுதா இங்கேயே இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை மாமி தோட்டைக் கழற்றாமலே தலைக்குக் குளித்தாள். மனிதர் ஒரு குச்சியோடு கீழே போய், மூடியைத் திறந்து, சம்ப்பைக் குத்திப் பார்த்துவிட்டு வந்தார்.

இன்னும் தண்ணீராகத்தான் இருக்கிறதாம்!